செங்கால் நாரையும் வலசை ஆராய்ச்சியும்

தமிழ் கற்றோர் அனைவரும் சத்திமுற்றப் புலவரின் நாரைப் பாட்டினை அறிவர். தனிப்பாடல் திரட்டில் இடம் பெற்றுள்ள அச்சிறு பாட்டு, வறுமையால் ஊர்விட்டு வந்து மதுரையில் வாடைக் காற்றுக்கு நடுங்கிக் கிடக்கும் புலவர் ஒருவர், வானிற் செல்லும் நாரையை விளித்து, தம் ஊரில் தம் வரவு நோக்கியிருக்கும் மனைவியிடம் தம் நிலையைக் கூறுமாறு வேண்டுவதாக அமைந்தது. அதன் அவலச் சுவையையும் உவமை நயத்தையும் பாராட்டி எழுந்த கட்டுரைகள் பல. அதனுள் அடங்கியுள்ள பறவையியற் செய்தி, பாராட்டப்பட்ட அளவுக்கு ஆராயப்படவில்லை. ஆராயப் புகுந்தோருட் சிலரும், பறவைகள் வலசை போதலை மேலை நாட்டார் அறியுமுன் தமிழர் அறிந்திருந்தனர் என்ற ஒரு வாக்கியத்தோடு அமைந்துவிட்டனர். அவ்வாக்கியம் எந்த அளவு உண்மை, எந்த அளவு மிகை என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் பாட்டு உண்மையிற் கூறுவது யாது என்பதை வரையறுத்துக்கொள்ள வேண்டும். புலவர் நாரையைப் பற்றி நான்கு செய்திகளைக் கூறுகின்றார். அதன் கால்கள் சிவந்தவை. அலகு பவளம் போன்ற நிறமும், பிளந்த பனங்கிழங்கு போன்ற வடிவும் உடையது. அது தன் துணையோடு தென்றிசைக் குமரியில் நீராடி வருகின்றது. அது வடதிசைக்குச் செல்லுமாயின் இடையில் சத்திமுற்றத்து வாவியில் தங்குதல் கூடும். இவற்றுள் இறுதிச் செய்தி ‘செல்வாயாயின்’ என்னும் பொருள்பட, ஐயத்திற்கு இடம் வைத்துக் கூறப்பட்டுள்ளது. நாரைகள் ஆண்டுதோறும் வடக்கே செல்கின்றன என்று புலவர் அறுதியிட்டுரைக்கவில்லை. பாராட்டுரை எழுதுவோர் இந்த ‘ஆயின்’ என்பதனை எளிதாகக் கடந்துவிடுகின்றனர். நூலாராய்ச்சியில் அவ்வாறு கடத்தல் ஆகாது.

எனினும் இவ்வையக் கிளவி சத்திமுற்றப் புலவருக்கே உரியதன்று. அது மிகப் பழைய மரபு. புறநானூற்று 67ஆம் பாட்டில் பிசிராந்தையார் அன்னச் சேவல் ஒன்றை விளித்து, குமரித்துறையில் அயிரை மீனை உண்டு வடமலைக்குப் பெயர்வாயாயின், இடையே சோழநாட்டிற் கோழி நகரத்து மாடத்திற் புகுந்து, கோப்பெருஞ்சோழனிடம் யான் ஆந்தையின் அடியேன் என்று சொல்லுக என்கின்றார். புறப்படும் இடம் குமரி. போகும் திசை வடக்கு. இடையில் தங்குமிடம் தூது பெறுவோர் ஊர். கூற்று நிபந்தனைக் கூற்று. இந்நான்கும் இரு பாட்டிலும் ஒத்து நிற்றலை நோக்குங்கால், பிற்காலப் புலவர் முற்காலப் பாட்டின் அமைப்பை அறிந்தே பின்பற்றினார் எனக் கொள்ளுதல் பொருந்தும். வேறுபாடு ஒன்று உண்டு. பழைய பாட்டின் பறவை குமரிக்கு இரை தேடிச் சென்றது. பிற்காலப் பாட்டின் பறவை நீராடச் சென்றது. குமரியில் நீராடி வடக்கே காசிக்குச் செல்லும் யாத்திரிகரின் வழியைப் புலவர் பறவைக்கு ஏற்றினார் என்று எனக்குத் தோன்றுகின்றது. (குமரி நீராட்டு தானும் புதியதன்று. கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த செங்கடற் செலவு நூலை எழுதிய கிரேக்கர், துறவு பூண விரும்புவோர் குமரியில் வந்து நீராடுதலைக் குறித்துள்ளார்.)

மூன்றாவது சான்று நற்றிணையில் உள்ளது. பரணர் பாடிய 356ஆம் பாட்டு, தென்கடலிற் பரந்து மேய்ந்த செங்கால் அன்னம், இமயத்து உச்சியில் இருக்கும் பறக்கவியலாத தன் குஞ்சுகளுக்கு இரை கொண்டு செல்வதாகக் கூறுகின்றது. இது முன்னைய இரண்டினும் ஒருபடி மேலானது. ஏனெனில், இங்கே ‘ஆயின்’ இல்லை. மேலும், பறவை இரை தேடும் இடம் தெற்கு, இனம் பெருக்கும் இடம் வடக்கு என்னும் பாகுபாடு இதிற் புலனாகின்றது. வலசை பற்றிய இன்றைய அறிவின் அடிப்படை இப்பாகுபாடே. தமிழ்நாட்டிற்குக் குளிர்காலத்தில் வரும் பறவைகள் ஈண்டுக் கூடு கட்டுவதில்லை; வெப்பம் மிகுந்ததும் வடக்கே மீண்டு ஆங்கேயே முட்டையிடும். பரணர் பாட்டில் இதன் சாயல் உளது என்பதை மறுக்க இயலாது.

இனி, மேலை நாட்டில் இவ்வறிவு வளர்ந்த வரலாற்றை நோக்குவோம். அங்கே தொன்மையான குறிப்பு இல்லாமற் போகவில்லை. எரேமியா ஆகமம், வானத்து நாரை தன் காலத்தை அறியும் என்றும், புறாவும் தகைவிலானும் கொக்கும் தாம் வரும் பருவம் தவறா என்றும் உரைக்கின்றது. கி.மு. 384 முதல் 322 வரை வாழ்ந்த அரிஸ்டாட்டில் தம் விலங்கியல் நூலில், பெருங்கொக்குகள் சிதியர் சமவெளியினின்று எகிப்துக்குத் தெற்கே நைல் தோன்றும் சதுப்பு நிலங்களுக்குச் செல்லுதலைக் கூறினார். அஃது உண்மை. ஆனால் அதே நூலில், தகைவிலான் குளிர்காலத்தில் இறகுதிர்ந்து பொந்துகளில் மறைந்து கிடக்கும் என்றும் எழுதினார். அங்ஙனம் மறைந்துறையும் பறவைகளுள் நாரையையும் ஒன்றாக எண்ணினார். செவ்வாற் குருவியே குளிர்காலத்தில் ராபின் என்னும் வேறு குருவியாக உருமாறும் என்பதும் அவர் கூற்று. பெருங்கொக்கு மிக உயரத்திற் பேரணியாகச் செல்வது, கண்ணாற் காணக்கூடியது. சிறு குருவிகள் பெரும்பாலும் இரவிற் செல்வன. காலையில் எழுந்து பார்ப்போருக்கு அவை நேற்று இருந்தன, இன்று இல்லை. காணாத இடத்தைக் கருதலால் நிரப்புதல் மாந்தர் இயல்பு. அரிஸ்டாட்டில் நிரப்பியது அவ்வகையினது.

அவர் நிரப்பியதைப் பின்வந்தோர் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் காத்து நின்றதே வியப்பு. சுவீடன் நாட்டுப் பேராயராகிய ஒலாஸ் மக்னஸ், 1555இல் ரோம் நகரத்தில் வெளியிட்ட வடநாட்டார் வரலாற்றில், தகைவிலான்கள் இலையுதிர் காலத்தில் அலகோடு அலகு சேர்த்து, நீரின் அடியிற் கொத்தாக உறங்கும் என்றும், மீனவர் அவற்றை வலையோடு இழுப்பர் என்றும் எழுதி, வலை இழுக்கும் படமும் சேர்த்தார். செடிகொடிகளையும் விலங்குகளையும் வகைப்படுத்திப் பெயரிட்ட லின்னேயசும், 18ஆம் நூற்றாண்டில் தகைவிலான் நீருள் உறங்கும் என்பதை நம்பினார். சார்லஸ் மார்ட்டன் என்னும் ஆங்கிலேயர், 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பறவைகள் சந்திர மண்டலத்திற்குச் சென்று மீள்கின்றன என்றும், செல்ல அறுபது நாள் ஆகும் என்றும் கணக்கிட்டார். அவரை நகைத்தல் எளிது. ஆனால் பறவைகள் மறைந்து கிடக்கவில்லை, நெடுந்தொலைவு செல்கின்றன என்ற அளவில், மார்ட்டன் அரிஸ்டாட்டிலினும் உண்மைக்கு அணியராக இருந்தார். இடத்தை மட்டுமே பிழைபடக் கொண்டார்.

கடல்வாத்து ஒன்றைப் பற்றிய கதையும் ஈண்டுக் கூறத்தக்கது. பார்னக்கிள் வாத்து எனப்படும் பறவை குளிர்காலத்தில் பிரித்தானியக் கடற்கரைகளுக்கு வரும். அதன் கூட்டினை அங்கே எவரும் கண்டதில்லை. எனவே அது கடலில் மிதக்கும் மரத்தில் ஒட்டிய சிப்பிகளினின்று பிறக்கின்றது என்று 12ஆம் நூற்றாண்டில் வேல்சு நாட்டு ஜெரால்டு எழுதினார். முட்டையினின்று பிறவாமையால் அது புலால் ஆகாது என்று கருதி, நோன்பு நாட்களிலும் அதனை உண்ட சமயத்தார் இருந்தனர். பிழை சுவையாகவும் வாய்த்தால் அதனை விடுதல் அரிது போலும். அந்நாளிலேயே இதனை ஐயுற்ற ஒருவர் இருந்தார். 1194 முதல் 1250 வரை வாழ்ந்த பேரரசர் இரண்டாம் பிரடெரிக், வல்லூறு கொண்டு வேட்டையாடும் கலை பற்றி நூல் எழுதியவர். அவர் வடகடலுக்கு ஆள் அனுப்பி, சிப்பி ஒட்டிய மரத்தைக் கொணர்வித்து ஆராய்ந்தார். சிப்பியுள் பறவையின் வடிவம் எதுவும் காணப்படவில்லை. அவ்வாத்து மனிதர் எட்டாத தொலைவில் கூடு கட்டுகின்றது, அதனை அறியாதோர் இக்கதை கட்டினர் என்று அவர் முடிவு செய்தார். நூலில் எழுதியிருப்பதை நம்பாது பொருளைக் கையிலெடுத்துப் பார்த்த அவ்வரசரை, இவ்வரலாற்றில் முதல் ஆராய்ச்சியாளர் என்று கூறினும் தகும்.

ஐயம் தீர்ந்தது ஒரு நாரையால். 1822ஆம் ஆண்டு மே மாதத்தில், செருமனியின் மெக்லன்பர்க் பகுதியிலுள்ள கிளூட்சு என்னும் ஊரருகே ஒரு வெண்ணாரை சுடப்பட்டது. அதன் கழுத்தில் ஏறத்தாழ 80 செ.மீ. நீளமுள்ள ஈட்டி ஒன்று தைத்து ஊடுருவி நின்றது. ஈட்டியின் மரமும் செய்ந்நேர்த்தியும் நடு ஆப்பிரிக்காவைச் சார்ந்தவை என்று கண்டனர். ஆப்பிரிக்காவில் வேடன் எறிந்த ஈட்டியைக் கழுத்தில் தாங்கியபடியே அந்நாரை பாலைவனமும் கடலோரமும் கடந்து தன் ஊர் வந்து சேர்ந்திருந்தது. வந்த இடத்திற் சுடப்பட்டு மாண்டது. அதனைப் பாடம் செய்து ரோஸ்டாக் பல்கலைக்கழகத்தில் வைத்தனர். இன்றும் ஈட்டியோடு அஃது அங்கே நிற்கின்றது. செருமானியர் அதனை அம்பு நாரை என அழைப்பர். இவ்வாறு ஆப்பிரிக்கப் படைக்கலம் தைத்த நாரைகள் பின்னரும் கிடைத்தன. அத்தகையவை ஏறத்தாழ 25 என்று எண்ணியுள்ளனர். நாரை பொந்தில் மறைந்துறையும் என்னும் அரிஸ்டாட்டில் கூற்றுக்கு இதனினும் வலிய மறுப்பு வேண்டுவதில்லை.

தற்செயலாகக் கிடைத்த சான்றை முறையான சோதனையாக மாற்றியவர் டென்மார்க்கில் விபோர்க் என்னும் ஊரில் ஆசிரியராக இருந்த மார்ட்டென்சன். அவர் 1899இல், எண்ணும் முகவரியும் பொறித்த அலுமினிய வளையங்களை 165 ஸ்டார்லிங் குருவிகளின் காலில் பூட்டிப் பறக்கவிட்டார். பறவை எங்கு வீழ்ந்தாலும், வளையத்தைக் கண்டோர் எழுதினால் அது சென்ற இடம் தெரியும். பள்ளி ஆசிரியர் ஒருவரின் இவ்வெளிய முறையே இன்று உலகெங்கும் கையாளப்படுகின்றது. 1901இல் பால்டிக் கடலோரத்து ரோசிட்டனில் தீனமன் என்பார் பறவை நோக்ககம் ஒன்றை நிறுவினார். நாரைகளுக்கு வளையம் பூட்டும் பணி அங்கே பெருக நடந்தது. 1911 மே மாதத்தில் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்சயரில் வளையமிட்ட தகைவிலான் ஒன்று, 1912 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் ஒரு பண்ணை வீட்டிற் பிடிபட்டது. ஒலாஸ் மக்னசின் மீனவர் வலை அன்றோடு அறுந்தது.

வளைய ஆராய்ச்சி வெளிப்படுத்தியவற்றுள் நாரையின் வழி பற்றிய செய்தி குறிப்பிடத்தக்கது. ஐரோப்பிய நாரைகள் ஆப்பிரிக்காவுக்கு இரண்டு வழியாற் செல்கின்றன. மேற்கில் பிறந்தவை ஜிப்ரால்டர் வழியாகவும், கிழக்கில் பிறந்தவை பாஸ்பரஸ் வழியாகவும் மத்தியதரைக் கடலைச் சுற்றிக்கொண்டு செல்லும், நேரே கடப்பதில்லை. நாரை சிறகடித்துப் பறப்பதினும், வெயிலால் நிலம் சூடேறி மேலெழும் காற்றிற் சிறகு விரித்து மிதந்து ஏறி, பின் சரிந்து செல்லுதலையே விரும்புவது. கடல்மேல் அத்தகைய காற்று எழுவது அரிது. ஆகவே அதற்குச் சுற்றுவழியே குறுக்கு வழியாகின்றது. 1930ஆம் ஆண்டுகளில் எர்ன்ஸ்ட் சூட்சு, கிழக்கு நாரைக் குஞ்சுகளை மேற்குச் செருமனிக்குக் கொண்டு வந்து வளர்த்து, அவ்விடத்து நாரைகள் புறப்பட்டுப் போன பின்னர் விடுவித்தார். வழிகாட்ட எவரும் இல்லாத அவ்விளம் பறவைகள், தம் பெற்றோர் செல்லும் தென்கிழக்குத் திசையையே நாடின. திசை குருதியோடு வந்தது என்பது தெளிவாயிற்று. ஆனால் மேற்கு நாரைகளுடன் கலந்து விடப்பட்டவை, அவற்றைப் பின்பற்றித் தென்மேற்கே சென்றன. பிறவி அறிவும் சார்பு அறிவும் ஒருங்கே இயங்குதலை இதனாற் காண்கின்றோம். கதிரவனையும், விண்மீன்களையும், நிலவுலகின் காந்த விசையையும் பறவைகள் திசை அறியக் கொள்கின்றன என்பது 1950, 1960ஆம் ஆண்டுகளில் நடந்த பிற சோதனைகளால் தெரிந்தது. அவற்றை விரித்தல் ஈண்டு மிகை.

அரிஸ்டாட்டிலுக்கு ஒரு நீதியும் செய்தல் வேண்டும். 1946 டிசம்பரில் எட்மண்ட் ஜேகர் என்னும் அறிஞர், கலிபோர்னியாவின் பாலை மலையொன்றில் பாறைப் பிளவினுள், உடல் குளிர்ந்து, மூச்சு அடங்கி, உணர்வற்றுக் கிடந்த பக்கி இனப் பறவை ஒன்றைக் கண்டார். அஃது இறக்கவில்லை, குளிர்கால நெடுந்துயிலில் இருந்தது. பறவைகளுள் இத்தகைய நெடுந்துயில் கொள்வதாக அறியப்பட்டது இப்பூர்விலே ஒன்றே. இதில் நமக்குப் பயன்படும் செய்தி மற்றொன்று: அப்பகுதியைச் சார்ந்த ஹோப்பி மக்கள் தம் மொழியில் அப்பறவைக்கு ‘உறங்குவது’ என்னும் பொருள்படப் பெயரிட்டிருந்தனர். அறிவியல் காணாத ஒன்றைச் சொல் காத்து வைத்திருந்தது. தமிழ்ச் சொற்களையும் அந்நோக்கோடு ஆராயலாம் என்பதற்கு இஃது ஒரு துணை.

அவ்வாறு ஆராயத்தக்க சொல் ‘வம்பு’. சங்கப் பாடல்களில் நாரைக்கு இவ்வடை வருகின்றது. தொல்காப்பியர் உரியியலில் இச்சொல்லுக்கு நிலையின்மை என்று பொருள் கூறுவர். புதுமை என்னும் பொருளும் வழக்கில் உண்டு. வழிப்போக்கரை வம்பலர் என்றனர். ஓரிடத்து நிலையாகத் தங்காது புதிதாக வந்து போகும் நாரை என்பதே அவ்வடையின் பொருளாதல் வேண்டும். தங்கிய நாரை வேறு, வந்த நாரை வேறு என்று நெய்தல் நிலத்தார் பகுத்துணர்ந்தனர் என்பதற்கு இது சான்று. பருவமல்லாக் காலத்து மழையையும் வம்ப மாரி என்றமையால், பருவம் தவறி வந்த நாரை எனவும் ஒருவர் பொருள் கூறலாம். ஆயினும் பறவைக்கு முன்னைய பொருளே இயல்பாகப் பொருந்துகின்றது. இன்று நாம் வழங்கும் ‘வலசை’ என்பதோ, அச்சத்தால் மக்கள் ஊர்விட்டுப் பெயர்தலைக் குறித்து வந்த சொல். பறவைக்கு அது பிற்காலத்தில் ஏற்றப்பட்டது. பழஞ்சொல்லாகிய வம்பு, இன்று வீண் பூசலைக் குறிக்கும் அளவுக்கு இழிந்துவிட்டமையால், அதனைப் பறவையியலுக்கு மீட்டல் அரிதே.

இனி, பாட்டுப் பறவைகள் எவை என்பதை ஆராயலாம். இலக்கியங்களில் வரும் ஹம்சம் வாத்தினமே என்று வோகெல் என்னும் டச்சு அறிஞர், 1962இல் வெளிவந்த தம் நூலில் விரிவாகக் காட்டினார். இந்தியாவிற்கு வரும் வாத்துகளுள் இமயத்தோடு தொடர்புடையது வரித்தலை வாத்து. அது மங்கோலியாவிலும் திபெத்திலும் லடாக்கின் உயர்நில ஏரிகளிலும் இனம் பெருக்கும். குளிர்காலத்தில் இந்தியச் சமவெளிக்கு வரும். திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் வரை அது வருகின்றது. 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2022இல் ராம்சர் உடன்படிக்கைப் பட்டியலிலும் சேர்ந்த அக்குளம், குமரிக்கு மிக அணித்தானது. பிசிராந்தையாரின் அன்னம் குமரியில் தொடங்கி வடமலைக்குச் செல்வதாகக் கூறியது, ஆகவே வெறும் புனைவன்று. விண்கோள் வழிக் கருவிகளைப் பூட்டி அறிந்த அளவில், இப்பறவை இமயத்தைக் கடக்கையில் 7,290 மீட்டர் உயரம் வரை சென்றுள்ளது. ஏறுவது பெரும்பாலும் ஒரே மூச்சில், ஏறத்தாழ எட்டு மணி நேரத்தில். அவ்வுயரத்தில் உயிர்வளி கடல்மட்டத்தில் உள்ளதன் பாதிக்கும் குறைவு. பழக்கமில்லாத மனிதன் அங்கே சில அடி நடத்தலும் அரிது. இவ்வாத்தின் குருதியில் உள்ள ஹீமோகுளோபின், ஏனைய வாத்துகளினதினும் வலிமையாக உயிர்வளியைப் பற்றுவது. பறத்தற்குரிய தசைகளில் நுண்குழாய்கள் செறிந்துள்ளன.

ஆனால் இடர்ப்பாடுகளையும் மறைத்தல் ஆகாது. வரித்தலை வாத்து புல்லும் தானியமும் மேய்வது; பிசிராந்தையார் அன்னமோ அயிரை மீன் உண்கின்றது. வரித்தலை வாத்தின் கால் மஞ்சள் கலந்த செம்மை. பரணர் கூறும் செங்கால் என்பதற்கு அஃது ஓரளவே ஒக்கும். எல்லாவற்றினும் மேலாக, வாத்தின் குஞ்சுகள் பொரித்த மறுநாளே தாமே மேயத் தொடங்குவன. தாய் இரை கொணர்ந்து ஊட்டுவதில்லை. குஞ்சுக்கு இரை சுமந்து வந்து கூட்டிற் கக்கி ஊட்டுவது நாரையின் இயல்பு. எனவே பரணர், தாம் கண்ட நாரையின் செயலைத் தாம் கேட்ட அன்னத்திற்கு ஏற்றினார் என்றே கொள்ள வேண்டியுள்ளது. வடக்கே கூடு உண்டு என்னும் செய்தி உண்மை. அங்கு நடப்பதாகக் கூறிய செயல் கற்பனை. கண்டதும் கேட்டதும் கருதியதும் ஒரு பாட்டினுள் கலந்து நிற்கின்றன. அரிஸ்டாட்டிலின் நூலிலும் இக்கலப்பே இருந்தது என்பதை நினைத்தல் நலம்.

சத்திமுற்றப் புலவரின் நாரை இத்துணை இடர்ப்பாடு தருவதன்று. தமிழ்நாட்டில் ஆண்டு முழுதும் உறையும் நாரைகளுள் மஞ்சள் மூக்கு நாரையின் அலகு மஞ்சள்; நத்தை குத்தி நாரையின் அலகு சாம்பல் நிறம்; வெண்கழுத்து நாரையின் அலகு கருமை. காலும் அலகும் ஒருங்கே சிவந்தவை வெண்ணாரையும் கருநாரையுமே; இரண்டும் குளிர்கால விருந்தினர். பாட்டில் உடல் நிறம் கூறப்படவில்லை. எனினும் கருநாரை தெற்கே தமிழகம் வரை வருதல் அரிதாதலின், புலவர் கண்டது வெண்ணாரை என்பதே பொருத்தம். ரோஸ்டாக்கில் ஈட்டியோடு நிற்பதும் அதே இனப் பறவையே. செருமனியில் குஞ்சாக இருந்தபோது வளையமிட்ட ஒரு வெண்ணாரை ராஜஸ்தானத்துப் பிகானீரிற் கிடைத்ததைச் சாலிம் அலி எடுத்துக்காட்டியுள்ளார். ஆயினும் இந்தியாவிற்கு வரும் வெண்ணாரைகளுட் பல நடு ஆசியாவில், உஸ்பெகிஸ்தான் முதலிய இடங்களிற் பிறப்பன. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1959 முதல் உலகச் சுகாதார நிறுவனத்தின் துணையோடு பறவைகளுக்கு வளையமிடும் பணியைப் பெரிய அளவில் நடத்தியது. 1957இல் மைசூர்ப் பகுதியில் தோன்றிய கியாசனூர்க் காட்டுக் காய்ச்சலைப் பறவைகள் கொணர்ந்தனவோ என்னும் ஐயம் அப்பணிக்கு ஒரு காரணம். கோடிக்கரை அப்பணியின் முதன்மையான களங்களுள் ஒன்றாக விளங்கிற்று.

கோடிக்கரைக்கு வருவனவற்றுள் ஒன்றாகிய பட்டைவால் மூக்கன் பற்றி ஒரு சொல். இவ்வினத்தின் வேறொரு கிளை அலாஸ்காவில் வாழ்வது. அதனைச் சார்ந்த பெட்டை ஒன்று 2007இல் அங்கிருந்து நியூசிலாந்து வரை, 11,000 கி.மீ.க்கு மேற்பட்ட கடல்வழியை எங்கும் இறங்காது எட்டு நாளிற் கடந்தது. 2022இல் பிறந்து ஐந்து திங்களும் நிரம்பாத இளம்பறவை ஒன்று, அலாஸ்காவினின்று தாஸ்மேனியா வரை 13,560 கி.மீ. தொலைவை, பதினொரு நாள் நில்லாது பறந்து சேர்ந்தது. புறப்படுமுன் இவை உடலிற் கொழுப்பை நிரப்பிக்கொண்டு, வழியிற் பயன்படாத குடல் முதலிய உள்ளுறுப்புகளைச் சுருக்கிக்கொள்கின்றன. பயணத்திற்கு மூட்டை கட்டுவோர் வேண்டாதவற்றை வீட்டில் வைத்துச் செல்வர். இப்பறவை தன் குடலையே வைத்துச் செல்கின்றது எனலாம்.

நாரைப் பாட்டிற்கு மீள்வோம். அதில் இரண்டு ஐயங்கள் எஞ்சுகின்றன. ஒன்று, நாரையும் துணையும் சேர்ந்து செல்லுதல். வெண்ணாரையின் ஆணும் பெண்ணும் கூட்டில் மட்டுமே கூடியிருப்பன. வலசையில் பெருங்கூட்டத்தோடு தனித்தனியே செல்வன. வேனிலில் பெரும்பாலும் ஆண் முன்னர் வந்து கூட்டைப் பற்றிக் காத்திருக்கும். புலவர் கூறும் இணை, அவர் தம் மனைவியைப் பிரிந்த துயரால் நாரைக்கு அளித்த இணை. பறவை நூல் இதனை மறுக்கும்; பாட்டு இதனை வேண்டும்.

மற்றொன்று காலம் பற்றியது. வெண்ணாரைகள் இந்தியாவினின்று வடக்கே மீள்வது மார்ச்சு மாதத்தை ஒட்டி. பாட்டிலோ புலவர் வாடைக்கு மெய்ந்நடுங்கிக் கையால் மெய் பொதிந்து கிடக்கின்றார். மதுரையில் அத்தகைய குளிர் மார்கழி, தைத் திங்களுக்கு உரியது. வடக்கே செல்லாத காலத்தில் செல்வதாகப் பாடினாரோ என்னும் வினாவிற்கு, பாட்டினுள்ளேயே ஒரு விடை உண்டு என்று கருதுகின்றேன். உவமைக்கு எடுத்த பொருளை நோக்குக. பிளந்த பனங்கிழங்கின் உட்புறம் சிவப்பன்று, வெளிறிய நிறம். நிறத்திற்குப் பவளத்தைக் கூறிய புலவர், கிழங்கினை வடிவிற்காகவே கொண்டார்: அவித்த கிழங்கை நெடுக்காகப் பிளந்தால், அடி பருத்து நுனி கூர்ந்த இரு பிளவுகள், திறந்த நாரையலகு போலவே கிடக்கும். பசித்த ஒருவன் அன்றாடம் கையிற் கொண்ட பொருள் அது. பனங்கொட்டையை மண்ணில் புதைத்து, மழைக்காலம் கழிந்து, கிழங்கு அகழ்ந்தெடுக்கும் பருவம் மார்கழி இறுதி தொடங்கித் தை, மாசி வரை. பொங்கற் பண்டமாக ஊர்தோறும் அது விற்கப்படுதலை இன்றும் காணலாம். நாரை ஈண்டுத் தங்கும் காலத்தின் கடைப்பகுதியும், பனங்கிழங்கு கிடைக்கும் பருவமும், வாடை ஓயாத நாட்களும் ஒருங்கே கூடுவது தை இறுதியிலும் மாசித் தொடக்கத்திலுமே. முன்கூட்டிப் புறப்படும் நாரைகள் அப்போது வடக்கே பறத்தல் கூடும், புறப்படாதனவும் உண்டு. புலவர் ‘செல்வாயாயின்’ என்று ஐயத்தோடு கூறியது அந்நாட்களுக்கு முற்றும் பொருந்தும்.